அவுட் இல்லை, ரிட்டயர்ட் ஹேர்ட்

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்த நேரம் கராஜில் இருந்தவர்கள் அப்பா, நான், றேடியோ. றேடியோவையும் ஓர் ஆளாகத்தான் கணக்கெடுக்கிறேன். அந்தக் கோடையில் எங்களோடு அதிகம் கதைத்தது அதுதான். அம்மா இல்லை. நகரின் மறுகோடியில், பாட்டனி டவுன்ஸில் கடைகளின் தரை துடைக்கப் போயிருந்தார். நாங்கள் இருந்த மாசி என்ற புறநகரிலிருந்து அங்கே போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அக்கா இல்லை. தாதியர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, வகுப்புத் தொடங்குமுன்னே எலும்புகளின் பெயரைப் பாடமாக்கவென்று நூலகத்துக்குப் போய்விட்டாள். மேல்வீட்டு மாமியும் இல்லை. மாமி இருந்திருக்க வேண்டும். எங்கள் தலைக்கு நேர் மேலே, ஒரு பலகைத் தளத்துக்கு அந்தப் பக்கம்தான் அவர் நடந்து திரிந்தார். அவர் வேண்டாம் என்று சொன்னவர்கள் நாங்கள்.

என்னோடு கூட வளர்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலரும் தாய் தகப்பனுக்காகத் தொலைபேசியில் குரலைத் தடிப்பாக்கிக் கதைத்தவர்கள். வங்கிக்கு, மின்சாரக் கொம்பனிக்கு, பள்ளிக்கூடத்துக்கு. அதனால் உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

நாங்கள் வாடகைக்கு இருந்தது மேல்வீட்டு மாமா, மாமி வீட்டின் கீழ்க் கராஜில். கொங்கிறீற்றின் மேல் பழைய கம்பளம் விரித்திருந்தது. மழை பெய்தால் கம்பளம் நனைந்த நாய் போல மணக்கும். வோஷிங் மெஷினுக்கு மேலே றேடியோ. உடைந்த ஏரியலுக்குப் பதிலாக அப்பா ஒரு உடுப்புக் கொழுவியின் கம்பியை வளைத்துச் செருகியிருந்தார். மெஷின் உதறும் நேரத்தில் றேடியோவும் சேர்ந்து உதறும், வர்ணனையாளரின் குரல் குளிரில் நடுங்குகிறவர் போலக் கேட்கும். கோடை முழுக்கக் கிரிக்கெட் போகும். ஐந்து நாள் மச். இரண்டு பேர் ஆறுதலாகக் கதைப்பார்கள், பிறகு ஒன்றும் பேசாமல் விட்டுவிடுவார்கள். அந்த மௌனத்தில் கடற்காகங்கள் கத்துவது கேட்கும், யாரோ தனியாக ஒருவர் கைதட்டுவது கேட்கும்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். ஆங்கில வகுப்புக்கு இரண்டு மாலை போனார். அங்கே எல்லாரும் தன்னைவிட இளையவர்கள் என்று நின்றுவிட்டார். பிறகு அவருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தது றேடியோதான். ஆட்கள் மெல்லக் கதைக்கிறார்கள், சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள், ஒருவரும் தன்னைக் கேள்வி கேட்பதில்லை. அதைவிட நல்ல வாத்தியார் எங்கே கிடைக்கும் என்பார். அம்மா இன்னொரு அகப்பை சோறு போட வந்தால் கோப்பைக்கு மேல் கையை விரித்து "வெல் லெஃப்ட்" என்பார். பந்தைத் தொடாமல் விட்டது புத்தி என்று அர்த்தம். இருட்டிய பிறகும் நான் வெளியே பந்தடித்துக்கொண்டிருந்தால் "பாட் லைட், பாட் லைட், உள்ளுக்கு வா" என்று கத்துவார். வேலைத்தலத்தில் தேநீர் இடைவேளைக்கு "ட்ரிங்ஸ்" என்று முதல் குரல் கொடுப்பதும் அவர்தானாம்.

ஒருநாள் மாடிப்படியில் நின்று மேல்வீட்டு மாமா யாருக்கோ தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். "எங்கட கீழ்வீட்டு ஆள் கதைக்கிறது கிறவுண்ட் இங்கிலிஷ். பொறுத்துக் கேட்டா ஸ்கோரும் சொல்லுவார்." அப்பா அப்போது படிக்குக் கீழே குப்பை வாளியோடு நின்றார். வாளியைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்தார். மாமா உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை மூடியைத் திறக்கவில்லை.

இந்த நாட்டில் கோடை தொடங்கும் மார்கழியில் ஒரு சனிக்கிழமை, தொடக்க ஆட்டக்காரர் ஒருவருக்குக் கையில் பந்து பட்டது. றேடியோவில் கொஞ்ச நேரம் பரபரப்பு. பிறகு அந்தச் சொல் வந்தது.

"என்னடா சொல்லுறாங்கள்? அவுட்டோ?"

"இல்லையப்பா. ரிட்டயர்ட் ஹேர்ட். காயம் பட்டபடியா வெளிய போறார். அவுட் இல்லை. சுகம் வந்தா திரும்பி வந்து அடிக்கலாம்."

"ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லையோ?"

"இல்லை. அது சட்டம்."

அடுத்தநாள் எட்டு விக்கெட் விழுந்த பிறகு அந்த மனிதர் கையில் கட்டோடு திரும்பி வந்தார். றேடியோவில் மைதானமே கைதட்டியது. அப்பா கதிரையிலிருந்து எழும்பி, வோஷிங் மெஷினுக்கு முன்னால் நின்று தானும் கைதட்டினார். "பாத்தியே. இவங்கட விளையாட்டிலகூட அதுக்கு ஒரு சட்டம் வைச்சிருக்கிறாங்கள்." அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். நாக்கில் நன்றாகத்தான் உட்கார்ந்தது.

அடுத்த கிழமை பென்ரோஸில் இருந்த வேலைத்தலத்தில், கொள்கலனிலிருந்து லொறி டயர் இறக்கும்போது அவருக்கு இடுப்புக்கு மேலே நாரி பிடித்துக்கொண்டது. அங்கே வேலையை மேற்பார்க்கும் போமன் தன் காரில் கொண்டுவந்து இறக்கினார். அப்பா ஒரு பக்கமாக வளைந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார். அம்மா தலையில் கை வைத்து அழத் தொடங்க, "இஞ்சேரப்பா, அழாத. அவுட் இல்லை. ரிட்டயர்ட் ஹேர்ட்" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் அப்பாவும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க அவருக்கு நோவு கூடியது.

வேலையில் காயப்பட்டவர்களுக்கு இந்த நாட்டில் அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து சம்பளத்தின் பெரும் பகுதி கிழமைக்குக் கிழமை வரும். எங்களுக்கும் வந்தது. அக்கா பின்னேரங்களில் தைலம் பூசி, முதுகில் விரலால் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டு போவாள். அப்பா கவிழ்ந்து கிடந்தபடி "டொக்டர் அம்மா, மெல்ல" என்பார். "டொக்டர் இல்லையப்பா, நேர்ஸ்." "எனக்கு எல்லாம் ஒண்டுதான்." உண்மையில் அந்த மாதம் எங்கள் வீட்டில் சந்தோஷமாகத்தான் போனது.

தை மாதத்தில் அந்த அழைப்பு வந்தது. அப்பா றேடியோவின் சத்தத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. மறுமுனையில், அந்தக் காசு கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் குரல். என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை, அப்பாவின் பக்கம்தான் கேட்டது.

"யெஸ். யெஸ், மீ." பிறகு அவசரமாக, "நோ, நோ. இன்ரப்பிறிற்றர் நோ. மை இங்கிலிஷ் குட்."

அந்த வேண்டாமுக்குக் காரணம் இருந்தது. ஒரு வருடம் முன்பு அம்மாவுக்குப் பெண்களுக்கு வரும் ஒரு வருத்தம். கிளினிக்கிலிருந்து தாதி அழைத்து, மொழிபெயர்ப்பாளரை இணைக்கிறேன் என்றார். இணைத்தார். "வணக்கம், நான் உங்களுடைய மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்வது எல்லாம் இரகசியமாக வைத்திருக்கப்படும்" என்ற குரல் தொலைபேசிக்குள்ளிருந்தும் வந்தது, எங்கள் கூரையிலிருந்தும் வந்தது. மேல்வீட்டு மாமி. வீட்டிலிருந்தே அந்த வேலை செய்கிறார் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். தாதி கேட்கக் கேட்க, அம்மா தன் உடம்பைப் பற்றிய ஒவ்வொன்றையும் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். மாமி அறியாத ஆளோடு கதைப்பது போலத்தான் கடைசிவரை கதைத்தார். மறுநாள் படியில் கண்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

"பாத்தியளே அவவின்ர நடப்பை" என்றார் அப்பா அன்று. "எங்கட ஊத்தையெல்லாம் தெரிஞ்சாப் பிறகு முகம் பாப்பாவோ? இனி எவனுக்கும் இன்ரப்பிறிற்றர் வேண்டாம்."

ஆகவே அந்த அழைப்பில் அப்பா தனியாகவே கதைத்தார். "பாக். யெஸ். டயர். வெரி ஹெவி." பிறகு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஐ ஆம் ரிட்டயர்ட் ஹேர்ட்."

அவர் அதையே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

"யெஸ், யெஸ். ரிட்டயர்ட். ஹேர்ட், சோ ரிட்டயர்ட். யெஸ். தாங்க் யூ. தாங்க் யூ வெரி மச்."

வைத்துவிட்டு என் தோளில் தட்டினார். "ஒரு சொல்லு. ஒரே தரத்தில பிடிச்சிட்டாள். கடைசியா 'ஓல் த பெஸ்ட்' எண்டும் சொன்னவள்." எனக்கும் பெருமையாக இருந்தது. பிழையில்லாத ஆங்கில வசனம் ஒன்றை அப்பா முழுதாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை போமனும் வேலைத்தலத்தில் இருந்து இரண்டு பேரும் வந்தார்கள். போமன் ஒரு சமோவாக்காரர். கராஜ் கதவுக்குள் குனிந்துதான் வரலாம். கையில் சுப்பர்மார்க்கட் கேக் பெட்டி. வெள்ளைக் கிறீம், மேலே நீல எழுத்து: ஹப்பி ரிட்டயர்மென்ட். நான் உரக்க வாசித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். "இவங்களும் மச் கேக்கிறவங்கள்போல" என்றார் தமிழில். எனக்கும் அப்படித்தான் பட்டது. பதினொரு வயதில் அந்தச் சொல்லை எனக்குப் பழக்கியதும் அதே றேடியோதான்.

"யூ லக்கி மான், பிரதர்," என்றார் போமன். "இனி நாள் முழுக்க கிரிக்கெட்தான், ஆ?"

"ஆஃப்டர் டீ, ஐ கம்," என்றார் அப்பா. தேநீர் இடைவேளைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்புவேன் என்று பொருள்.

"டீ? ஓ, யெஸ் பிளீஸ், பிரதர்." மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா அவசரமாகத் தேத்தண்ணி வைத்தார். எல்லாரும் ஆளுக்கு ஒன்றைப் புரிந்துகொண்டு வெகு நேரம் சிரித்தார்கள். போகும்போது போமன் அப்பாவைக் கட்டிப்பிடித்தார், கண் கலங்கியிருந்தது. "நல்ல மனிசன்" என்றார் அப்பா. "சும்மா நாரிப் பிடிப்புக்கு இப்பிடி அழுறான்." எழுத்து இருந்த பக்கத்தைத்தான் எனக்கு வெட்டித் தந்தார்கள். அந்த நீலக் கிறீம் நாக்கில் இரண்டு நாள் நின்றது.

அடுத்த கிழமை காசு வரவில்லை. லீவு நாளாக்கும் என்றார் அப்பா. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. அம்மா அரிசிப் பையை வாய் சுருட்டிக் கட்டி வைத்தார். அப்பா முதுகுக்குத் தலையணை வைத்து எங்கள் பழைய வான் வண்டியை எடுத்தார். பள்ளி விடுமுறை, என்னையும் ஏற்றினார். "நீ வா. கஸ்டமான சொல்லு வந்தாச் சொல்லு."

பென்ரோஸில் புழுதியும் றப்பர் மணமும். கொள்கலன் வாசலில் இளம் பெடியன் ஒருவன் டயர் உருட்டிக்கொண்டு நின்றான். போமன் எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து வந்தார். அப்பா கேட்க, அவர் முகம் மெல்ல மாறியது.

"நீ ரிட்டயர் ஆகிட்டாய் எண்டு நீயே சொன்னாய், பிரதர். காசு கொடுக்கிறவர்கள் எங்கட ஒபிசுக்கு எடுத்துச் சொன்னார்கள். உன்னுடைய இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். "நோ, நோ. நொட் ரிட்டயர்ட். ரிட்டயர்ட் ஹேர்ட்."

"அதுதானே?" என்றார் போமன். அவர் றக்பி பார்க்கிறவர். நான் கிரிக்கெட் சட்டத்தைச் சொன்னேன். காயம் பட்டால் போகலாம், சுகம் வந்தால் வரலாம். போமன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னை விட்டு அப்பாவை நேரே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார். அவர்களுக்கு அழை. சின்னப் பிள்ளை வேண்டாம், கேட்கமாட்டார்கள். உங்கள் மொழி ஆள் ஒருவரை வைத்து இதை விளக்கு. மூன்று மாத அவகாசம் இருக்கிறது. அங்கே திருத்தினால் நான் முதலாளியோடு கதைப்பேன்.

வண்டியில் ஏறியதும் அதன் றேடியோ தானாகப் பேசத் தொடங்கியது. அப்பா அதை நிறுத்தினார். வீடு வரும்வரை ஒரு கேள்விதான் கேட்டார். "அண்டைக்கு கேக்கில என்ன எழுதியிருந்தது? திருப்பிச் சொல்லு." சொன்னேன். காது மடல்வரை அவருக்குச் சிவந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் சண்டை பிடிப்பதென்றாலும் குசுகுசுவென்றுதான் பிடிக்க வேண்டும், மேலே கேட்கும். அன்று பின்னேரம் அம்மாவே றேடியோவை உரத்து வைத்துவிட்டு வந்தார்.

"மேல போய்ச் சொல்லுவம். ஒரு சொல்லு மாறிப்போச்சு, அவ்வளவுதானே."

"என்னெண்டு சொல்லுறது? கீழ்வீட்டுக்காரன் றேடியோவில இங்கிலிஷ் பழகினவன், அந்த இங்கிலிஷில தன்ர வேலையைத் தானே விட்டிட்டான் எண்டோ? மனிசன் ஏற்கெனவே கிறவுண்ட் இங்கிலிஷ் எண்டு சிரிக்கிறான். நாளைக்குக் கோயில் முழுக்கச் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமன். சிரிக்கிற சனமே எங்கட வாடகை கட்டுது?"

"உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்காதோ?" அம்மா கூரையைக் கைகாட்டினார். "அந்த மனிசிக்கு என்ர உடம்பிலயே ஒளிக்க ஒண்டுமில்லை. நான் செத்தோ போனன்?"

றேடியோவில் யாரோ நான்கு அடித்தார்கள். மூன்று மாதமும் அப்படியே போயின. ஒவ்வொரு திங்களும் "இந்தக் கிழமை எடுக்கிறன்" என்பார். வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். "எல்லாரும் ஒரே கோயிலுக்குத்தான் வருகினம்" என்றார்.

மாசி முடிவில் அக்கா ஒரு நாள் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். பாட்டனி டவுன்ஸில் அம்மா துடைக்கும் கடைகளில் ஒன்றில் ஆள் தேடுகிறார்களாம். "ஒரு வருசம் பிந்திப் போறன். இடம் எங்க ஓடப்போகுது?" என்றாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வருடம் வாடகை கூடியது. அதற்கடுத்த வருடம் வேறொன்று. அக்கா இன்றும் அங்கேதான், இப்போது மேற்பார்வையாளர். எலும்பு எதையும் அவள் பெயர் சொல்லி நான் பிறகு கேட்கவில்லை.

அப்பாவுக்குச் சித்திரையில், கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி பிடுங்கும் வேலை கிடைத்தது. அங்கே எல்லாரும் எங்கள் ஆட்கள். ஆங்கிலம் தேவையில்லை. உண்மையில் அந்தக் கோடைக்குப் பிறகு அப்பா ஆங்கிலம் கதைக்கவேயில்லை. டெய்ரிக் கடையில் பாலைச் சுட்டிக் காட்டுவார். யாராவது வழி கேட்டால் சிரித்துத் தலையை ஆட்டுவார். முன்பு பிழையோ சரியோ வாய் ஓயாமல் கதைத்த மனிதர்.

எனக்குப் பட்டம் கிடைத்தபோது, கோயில் மண்டபத்தில் மேல்வீட்டு மாமாதான் ஒலிவாங்கியைப் பிடித்து அறிவித்தார், குடும்பத்திலேயே முதன்முதலாகப் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை என்று. அக்கா வேலை உடுப்போடு நேரே வந்திருந்தாள். எல்லாரையும்விட உரக்கக் கைதட்டினாள். கீழே பார்த்தபடி நின்றேன். அடக்கமான பிள்ளை என்று சொன்னார்களாம்.

போன மாதம் மேல்வீட்டு மாமியைப் பார்க்கப் போனேன். வார இறுதியில் மொழிபெயர்ப்பு வேலை செய்ய எண்ணம், பரீட்சை எப்படி என்று கேட்க. மாமா காலமாகிவிட்டார், மாமி தனியாக இருக்கிறார். கராஜில் இப்போது இரண்டு மாணவர்கள்.

"முதலாவது பாடம், தம்பி. கேட்டதைக் கேட்ட இடத்தில விட்டிட்டு வரவேணும். புருசனுக்கும் சொல்லக்கூடாது. வீதியில கண்டாலும் நாங்களா முந்திக் கதைக்கக்கூடாது. அவையளுக்குக் கூச்சமாயிருக்கும். அவை கதைச்சாத்தான் நாங்கள் கதைக்கலாம்."

அந்தத் திருப்பிய முகத்தை நாங்கள் எவ்வளவு பிழையாக எடுத்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால் நடந்ததை எல்லாம் சொன்னேன். கேக் வரைக்கும் சொன்னேன். மாமி சிரிக்கவில்லை.

"ரிட்டயர்ட் ஹேர்ட் எண்டா எனக்கு விளங்காதே? நானும் அந்த மச்சுகளைத்தானே கேட்டனான். மனிசனுக்குக் கிரிக்கெட் பிடிக்காது, எங்கட றேடியோவைப் போட விடமாட்டார். நான் குசினியில நிலத்தில இருந்து உங்கடையைக் கேப்பன்." ஒரு விரலைக் காட்டினார். "ஒரு வசனம் தம்பி. 'அவர் வேலையை விடேல்லை, திரும்பிப் போகப்போறார்.' நான் சொல்லவேண்டியிருந்தது அவ்வளவுதான்."

பிறகு, "அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார். சுகமாக இருக்கிறா என்றேன்.

இதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். அந்த அழைப்பிலிருந்து தக்காளி வேலை கிடைக்கும்வரை பதினான்கு கிழமை. கிழமைக்கு நானூறு. அக்காவை அதில் எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவளை விட்டுக் கூட்டினால் ஐயாயிரத்து அறுநூறு டொலர்.